ஜிப்சம் சுவரில் மாட்டிய சாமிப் பலகை

அந்தச் சுவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதைச் சுவர் என்று சொல்வதே தப்பு. தகரச் சட்டத்தில் ஒரு கூடு, இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு, மேலே பெயிண்ட். தட்டினால் காலி டப்பா மாதிரிச் சத்தம் வரும்.

பையனுக்குக் கல்யாணம் முடிந்ததும் அவர்களுக்குத் தனி அறை வேண்டியிருந்தது. ஹாலை இரண்டாகத் தடுத்தோம். செங்கல் என்றால் நாளாகும், வீடெல்லாம் மண்ணாகும் என்று பையன்தான் இந்தப் போர்டைக் கொண்டுவந்தான். சாமி மாடம் இருந்த பழைய சுவர் அவர்கள் அறைக்குள் போய்விட்டது. புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் தூங்குகிற அறையில் விடியற்காலை நுழைந்து விளக்கேற்ற முடியுமா? சாமியைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் மாற்ற வேண்டியதாயிற்று.

என் வீட்டுக்காரி வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்கை விட்டவள் இல்லை. பிரசவத்துக்குத் தாய் வீடு போனபோதும், நீங்க ஏத்தோணும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனாள். அவளுக்காக நல்ல பலகையாகப் போட வேண்டும் என்று நினைத்தேன். நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் ஃபிட்டர். லாரித் தரைக்குப் போடுகிற இரண்டு அங்குலப் பலகையில் ஐந்தடி அறுத்து இழைத்தேன். அதைத் தாங்க இரும்பு ஆங்கிளில் நானே இரண்டு கைகள் வெல்டிங் செய்தேன். வாஸ்து பார்க்கிறவர் வந்து சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, சரியாக இங்கே என்று காட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை, போர்டு அடித்துக் கொடுத்த தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அண்ணா, அதுல நீங்க கை வெச்சராதீங்க. உள்ள சட்டம் எங்க ஓடுதுன்னு பாத்து, அதுலதான் ஸ்குரு ஏத்தோணும். மத்தியானம் நானே வாரேனுங்."

"பத்தரைக்கு ராகு காலம் வந்துருமே?"

"அது முடிஞ்சு மாட்டிக்கலாமுங்க. சாயங்காலந்தான வெளக்கு?"

நியாயமான பேச்சு. எனக்குத்தான் ஏறவில்லை. "பத்து டன் ஏத்தற வண்டிக்குப் பாடி கட்டறவன் நானு. எனக்குப் பலகை மாட்டச் சொல்லித் தாரியா? நீ வந்து காப்பி குடிச்சுட்டுப் போ," என்று போனை வைத்துவிட்டேன்.

சாக்பீஸ் கோட்டில் வைத்ததும் ட்ரில் வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். செங்கல் சுவருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் பிளக்கையே ஓட்டைகளில் அடித்து, போல்ட்டைப் போட்டு, ஸ்பேனரால் முறுக்கினேன். பட்டறையில் எங்களுக்கு ஒரே கணக்குதான்: மரம் முனகுகிறவரை முறுக்க வேண்டும். முனகினால் போல்ட் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இங்கேயும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் சுவர் முனகியது. எனக்குச் சந்தோஷம்.

"போதுமுங்க, செவுரு அழுவுது," என்றாள் வீட்டுக்காரி.

"அழுவுட்டும். அப்பத்தான் நிக்கும்."

பத்தரைக்குள் முருகன், அம்மன், பெருமாள் எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள். எல்லாம் கண்ணாடியும் மரச் சட்டமும் போட்ட பெரிய படங்கள். கூடவே பித்தளை விளக்கு, மணி, எண்ணெய்க் கிண்ணம். தள்ளி நின்று பார்த்தேன். பெருமையாக இருந்தது.

சாயங்காலம் விளக்கேற்றி, கீழே மணைப் பலகையில் உட்கார்ந்து கும்பிட்டவள், சர்க்கரைப் பொங்கல் எடுத்துவர எழுந்து சமையலறைக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் எல்லாம் கீழே கிடந்தது. சத்தம் கேட்டு ஓடினேன். எண்ணெய் தரையெல்லாம் ஓடி, திரி பக்கத்தில் விரித்திருந்த பாயில் விழுந்து எரிந்துகொண்டிருந்தது. காலால் மிதித்து அணைத்தேன். அம்மன் படத்தின் கண்ணாடி தூள். பலகையின் முனை விழுந்து, அவள் உட்கார்ந்திருந்த மணைப் பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"சாமி காப்பாத்திருச்சுங்க," என்றாள்.

எனக்குப் பயம் கோபமாக மாறிவிட்டது. அந்தத் தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "செவுரா கட்டுனே நீ? அட்டப்பொட்டியக் கட்டி ஊட்டுல நிறுத்திட்டுப் போயிருக்கறே!" இன்னும் எழுத முடியாததெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்காளுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்றான். எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது.

அன்று ராத்திரி அவள் சமையலறை மூலையில் ஓர் அகலை ஏற்றி வைத்தாள். "இனி அந்தச் செவுத்துக்கடில நா உக்கார மாட்டனுங்க. நீங்க எத்தன போல்ட்டு போட்டாலும் செரி." திட்டியிருந்தால் தேவலை. என் வேலையை நம்பித்தான் எத்தனையோ டிரைவர்கள் ரோட்டில் ஓட்டுகிறார்கள். என் வீட்டுக்குள் ஒருத்தி நம்பி உட்கார மாட்டேன் என்கிறாள்.

மறுநாள் காலை அந்தத் தம்பி வந்தான். சின்னக் காந்தத்தைச் சுவரில் ஒட்டி ஒட்டி நகர்த்தினான். காந்தம் ஒட்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்தான். சட்டம் இருந்தது சாக்பீஸ் கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. பிறகு என் ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்தான். விரலெல்லாம் வெள்ளைத் தூள்.

"முறுக்கறப்ப நல்லா முனகுச்சே?" என்றேன்.

"முனகுனது புடிச்சதுக்கில்லீங்கண்ணா. உள்ள நொறுங்குனதுக்கு. நீங்க முறுக்க முறுக்க மாவாப் போயிருச்சு."

ஓங்கி அறையலாம் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. முருகா, படிப்புதான் தரவில்லை, காதையாவது கொடுத்தாய், அதையும் நான் பொத்திக்கொண்டேனே என்று மனசுக்குள் கத்தினேன்.

"ஒரு சாண் தள்ளி வெச்சா வாஸ்து தப்புமே?" என்று அப்போதும் கேட்டேன்.

சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது. "சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. உங்களுக்குத்தான் அந்தப் பழக்கம்."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சட்டங்களுக்கும் குறுக்கே கனமான பிளைவுட்டை வைத்து, சட்டத்தில் ஸ்குரு ஏற்றினான். என் லாரிப் பலகையைத் தொடவே இல்லை. மெல்லிய தேக்குப் பலகை ஒன்றை அதன்மேல் மாட்டினான். நான் ஸ்பேனரை எடுத்தேன். "அத வெச்சுருங்கண்ணா," என்றான். வைத்துவிட்டேன்.

படங்களைப் பழையபடி பையன் அறை மாடத்துக்கே அனுப்பினோம். விளக்கு, மணி, சின்ன முருகன் மட்டும் பலகையில். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வெகுநேரம் தள்ளி நின்று பார்த்தாள். நான் போய்ப் பலகைக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து நின்றேன். அப்புறம்தான் அவள் கீழே வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்: "உங்க நெழலு உழுவுது. கைய எடுத்துட்டுத் தள்ளி நில்லுங்க."

எடுத்தேன். தள்ளிப் போய், அவள் எழுந்திருக்கிறவரை அந்தச் சுவரையே முறைத்துக்கொண்டு நின்றேன்.