வேலியில் விட்ட வழி

கம்பிவேலி போடுகிறவனுக்கு எப்போதும் இரண்டு முதலாளிகள். கூப்பிட்டவர் ஒருவர், கூப்பிடாமலே வரப்பில் வந்து நிற்கும் பக்கத்து வயல்காரர் இன்னொருவர். நிலம் வைத்திருக்கும் உங்களுக்கு அந்த இரண்டாமவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வலங்கைமான் சுற்றுவட்டாரத்தில் நான் பார்த்த சிலரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூலையில் ஒரு இடைவெளி

கோவிந்தராஜ் ஆறு கறவை மாடு வைத்திருந்தார். மாடுகள் வெளியே போகாதபடி சுற்றிலும் வேலி கேட்டார். அவருக்குப் பின்னால் தங்கசாமியின் வயல். வாய்க்கால் தகராறில் இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. தங்கசாமி வயலுக்கு இவர் நிலத்து ஓரத்தை விட்டால் வேறு வழியும் இல்லை.

நான் குழி தோண்ட ஆரம்பித்ததும் தங்கசாமி வந்து நின்றார். கதிர் முற்றிய தன் வயலையும் என் குழிகளையும் மாறி மாறிப் பார்த்தார். கோவிந்தராஜ் அதைக் கவனித்துவிட்டு என்னிடம் வந்தார். மூலையில் அறுவடை மெஷின் நுழையும் அளவுக்கு வழி விட்டு, அங்கே கேட் போடச் சொன்னார். "உங்களுக்கும் அவருக்கும் ஆகாதே?" என்றேன்.

"சண்டை எனக்கும் அவருக்கும். அவர் நெல்லு என்ன பண்ணுச்சு?"

நான் தாமதித்த நான்கு நாள்

இது என் தப்பு. புயலில் மரம் சாய்ந்து செல்வியக்காவின் வேலி படுத்துவிட்டது. அவர் நெல்லும் போடுவார், ஆடும் வளர்ப்பார். தினமும் போன் செய்தார். நான் "நாளைக்கு, நாளைக்கு" என்று நான்கு நாளை ஓட்டினேன். ஐந்தாம் நாள் காலை ஆடுகள் பக்கத்து ரஹ்மத்துல்லா பாயின் நாற்றங்காலுக்குள் புகுந்துவிட்டன. நடவுக்கு மூன்றே நாள் இருந்தது. மேய்ந்ததில் பாதி நாற்று கூட மிஞ்சவில்லை.

பாய் கும்பகோணம் போயிருந்தார். விஷயம் அவர் காதுக்குப் போகுமுன் செல்வியக்காவே போன் போட்டு, "என் ஆடுங்கதான் மேஞ்சிடுச்சு பாய். ரெண்டு பேரும் ஒரே நெல்லு ரகம்தான் விட்டிருக்கோம். என் நாத்துல உங்களுக்கு வேணுங்கிறதைப் பறிச்சுக்குங்க" என்றார். சொன்னபடியே கொடுத்தார். நாற்று போதாமல் தன் கடைசி வயலை அந்தப் போகம் தரிசாகவே விட்டார். என்னை ஒரு சொல் திட்டவில்லை, அதுதான் சுட்டது.

கம்பிச் சுருளோடு போய்ப் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நடவாட்களைப் பார்த்தபடியே சொன்னார்:

"வேலியைக் கட்டுங்க தம்பி. ஆட்டுக்குத்தான் வேணும், அந்தம்மாவுக்கு வேணாம்."

எத்தனை அடி?

வெளியூரிலிருந்து வந்து நிலம் வாங்கிய ஒருவர், ஆட்டுப்பண்ணைக்காக முழுவதும் அடைக்கச் சொன்னார். நடுவே போகும் ஒற்றையடிப் பாதை சுடுகாட்டுக்கான வழி என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லாமல் குழி தோண்ட ஆரம்பித்தேன். மறுநாள் அந்த வழியை நம்பியிருந்த தெருவே திரண்டு வந்தது. ஒருவர் கையில் கடப்பாரை.

கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தவர் மலர்க்கொடி, அந்தத் தெருவில் பிறந்த நர்ஸ். தாலுகா ஆபீசில் வாங்கிய வரைபடத்தை நிலக்காரரிடம் நீட்டினார். பாதை அதில் புள்ளி புள்ளியாக இருந்தது. "வேலி வேண்டாங்கல சார். கேட் போடுங்க, பூட்டு மட்டும் வேணாம்" என்றார். பிறகு நான்கு பேரை முன்னால் இருவர், பின்னால் இருவராகப் பாடை தூக்குவது போல நிறுத்தி, கேட்டுக்கு எத்தனை அடி வேண்டும் என்று என்னை அளக்கச் சொன்னார். நிலக்காரர் அந்த நால்வரையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ரெண்டடி கூட்டிப் போடுங்க. அழுதுகிட்டே தாங்கிப் பிடிச்சு வர்றவங்களும் இருப்பாங்கல்ல."

இப்படிப்பட்டவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் வேலிக்கே வேலையில்லாமல் என் தொழில் படுத்துவிடும் என்று தெரிந்தும், அந்தப் பக்கம் போனால் அவர்கள் வீட்டில்தான் டீ குடித்துவிட்டு வருகிறேன்.