ஏழு புளியங்கொட்டை: கொடிகாமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் பயணம்

1937 ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை நான் கொடிகாமத்தில் ரயில் ஏறியது ஊர் பார்க்க அல்ல. என் மனைவி பொன்னம்மாவை வந்து கூட்டிக்கொண்டு போகும்படி ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அவளுக்கு வந்த நோயோடு அங்கே போக நினைக்கிற எங்கள் தென்மராட்சிக்காரர் வழி கேட்டுக் கேட்டு என் தேங்காய்க் கடை வாசலைத் தேய்க்கிறார்கள். ஒரேயடியாக எழுதிவிடுகிறேன், இனியாவது என்னை வியாபாரம் பார்க்க விடுங்கள்.

பொன்னம்மாவுக்கு இரண்டு வருஷமாக வலக் கன்னத்தில் நோ. பல்லு நோ அல்ல. இரண்டு பல்லைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று. காற்றுப் பட்டால், முகம் கழுவினால், சோற்றை மென்றால், மின்னல் வெட்டுகிற மாதிரி வரும். கஞ்சிதான் சாப்பாடு. ஊர் வைத்தியர் பரியாரியார் கொடுத்த எண்ணெய்க்கும் அசையவில்லை. வெள்ளைக்கார டொக்டரம்மா ஒருவர் இந்த நோவுக்குப் புது ஊசி மருந்து ஒன்றைப் போட்டுப் பரிசோதிக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே சேர்த்தேன். மருந்து கப்பலில் கொஞ்சமாகத்தான் வருகிறதாம். மூன்று கிழமையில் நோ குறையாதவர்களுக்கு நிறுத்திவிட்டு, காத்திருக்கும் வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள். கடிதத்தில் இருந்தது அதுதான்: குறையவில்லை, நிறுத்துகிறோம். அதற்குப் பிறகு அவளைக் கொண்டுபோக வேறு இடம் எனக்குத் தெரியாது.

காலை ஆறே முக்கால் வண்டி அன்றைக்கு ஏழு பத்துக்கு வந்தது. சுன்னாகத்துக்கு இருபது மைல் சொச்சம். மூன்றாம் வகுப்பு நாற்பத்திரண்டு சதம். நாவற்குழி தாண்டும்போது கடற்காற்று முகத்தில் அடிக்கும். கன்ன நோக்காரரை ஜன்னலோரம் இருத்தாதீர்கள். முதல் முறை நான் இருத்தி, யாழ்ப்பாணம் வரும்வரை ஏச்சு வாங்கியவன்.

எட்டே முக்காலுக்குச் சுன்னாகம். சந்தை நாளென்றால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வண்டி பிடிப்பது பெரும்பாடு. வட்டுக்கோட்டைப் பக்கம் மூன்று மைல் போக ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டி ஒன்று கிடைத்தது. ஐம்பது சதம் கேட்டான், முப்பத்தைந்துக்கு இறங்கினான்.

ஆருக்கு வருத்தம் என்று வண்டிக்காரன் விசாரித்தான். சொன்னேன். "கொட்டை போடுற ஆஸ்பத்திரி வாட்டோ?" என்றான். அவனுடைய மாமியும் அங்கே இருந்தவவாம். குறையவில்லை என்று அவவையும் அனுப்பிவிட்டார்களாம். இப்போது எப்படி என்று கேட்டேன். "வெங்காயம் நடுறா, அண்ணை" என்றான். குறையாத நோவோடு வெயிலில் குனிந்து வெங்காயம் நடுவது எப்படி? எனக்கு விளங்கவில்லை. அவனுக்கோ அதில் விளங்காமல் போக ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

கொட்டை என்பது இதுதான். ஒவ்வொரு கட்டிலடியிலும் ஒரு எனாமல் கோப்பையும் பத்துப் புளியங்கொட்டையும் இருக்கும். காலை ஏழு மணிக்கு நோயாளி தன் நோவின் அளவுக்குக் கொட்டை போட வேண்டும். தாங்க முடியாத நோ என்றால் பத்து. நோவே இல்லையென்றால் வெறுங்கோப்பை. நேர்ஸ் எண்ணிக் கொப்பியில் எழுதுவார். நோவை நிறுக்கத் தராசு இல்லாததால் டொக்டரம்மா கண்டுபிடித்த வழி.

நான் உள்ளே போனபோது பொன்னம்மா கட்டிலில் இருந்து புழுக்கொடியல் சப்பிக்கொண்டிருந்தாள். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, கல்லு மாதிரி! கடக் கடக்கென்று சத்தம் வேறு. கோப்பையை எட்டிப் பார்த்தேன். ஏழு கொட்டை.

"என்னப்பா, நோகேல்லையோ?"

"மெல்லக் கதையுங்கோ. ஒரு கிழமையா ஒண்டுமில்லை."

"பிறகேன் ஏழு கொட்டை?"

"பக்கத்துக் கட்டில்காரி நோவிலை துடிக்கிறா. நான் எல்லாரும் பாக்க வெறுங்கோப்பையை வைக்கிறதோ? கண்ணூறு நாவூறு பட்டு நோ திரும்பி வந்தால் ஆர் படுறது?"

கோபம் வந்தது. அதைவிடச் சந்தோஷம் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நேரே டொக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். புத்தகத்தில் படித்த தமிழ் அவருக்கு. நாவூறு என்ற சொல்லை மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. சுகமென்று வாய்விட்டுச் சொன்னால் சுகம் போய்விடும் என்று விளக்கினேன். அவர் நேர்ஸைக் கூப்பிட்டு, இது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். நேர்ஸ் குருநகர்ப் பிள்ளை, கழுத்தில் சிலுவை.

"ஓம் டொக்டர். உது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே எண்டு நான் சொல்லேல்லை."

டொக்டரம்மா கொப்பியைப் புரட்டினார். பக்கம் பக்கமாக ஏழு, ஆறு, ஏழு. இதில் எந்த ஏழு நோ, எந்த ஏழு பயம்? பார்க்கப் பாவமாக இருந்தது. வண்டிக்காரனின் மாமி நினைவுக்கு வந்தா. அவவும் இப்படித்தான் சுகத்தை ஒளித்திருப்பா.

கடைசியில் அவர் எழுந்து வந்து பொன்னம்மாவின் கட்டிலைச் சுற்றி மறைப்புத் துணியை இழுத்தார். இனி எல்லாருக்கும் இப்படித்தான், வேறு ஒருவரும் பார்க்கமாட்டார்கள், உள்ளதைப் போட்டால் ஊசி தொடரும் என்றார். பொன்னம்மா கோப்பையைக் கவிழ்த்து ஏழையும் மடியில் கொட்டினாள். வெறுங்கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றை எடுத்து உள்ளே போட்டாள்.

"அந்த ஒன்று நோவா, பயமா?" என்று டொக்டரம்மா கேட்டார்.

"எனக்குத் தெரியாது, அம்மா" என்றாள் பொன்னம்மா. அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

அவர் ஒன்று என்றே எழுதினார். ஊசி தொடரும் என்றும் சொன்னார். கும்பிட்டேன். போகிற போக்கில், இந்த நோ சிலருக்குத் தானாகவும் நின்றுவிடுவதுண்டு, ஆகவே மருந்துதான் நிறுத்தியது என்று தன்னால் இன்னும் சொல்ல முடியாது என்றார். அப்படியானால் ஊசி எதற்கு, கொட்டை எதற்கு, நான் வந்ததுதான் எதற்கு? இரண்டரை மணி வண்டியில் தனியாகத் திரும்பும்போது யோசித்தேன். கொடிகாமம் வந்தும் அந்த யோசனை முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

ஆடிக் கடைசியில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வியாழக்கிழமை போங்கள், அன்றைக்குத்தான் டொக்டரம்மா புது ஆட்களைப் பார்க்கிறார். முகத்தை மூட ஒரு துவாய் கொண்டுபோங்கள். கோப்பையில் உள்ளதை உள்ளபடி போடுங்கள். நீங்கள் கூட்டிப் போடுகிற ஒவ்வொரு கொட்டையும் உங்களுக்கு வரவேண்டிய மருந்தை வேறு வாசலுக்கு அனுப்பும். நாவூறு என்று பயந்து சுகத்தை ஒளிக்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு, பொன்னம்மாவுக்கு இப்போது எப்படி, நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பீர்கள். அதையும் எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஏதோ இருக்கிறாள். அதற்கு மேல் கேட்காதீர்கள், எல்லாரும் பார்க்க எழுதமாட்டேன்.