தாருக்குள் தவளைச் சத்தம்

சிறுமலைச் சரிவில் காட்டை வெட்டி எரிக்கும் புகை இன்று திண்டுக்கல்லில் எங்கள் மொட்டைமாடிவரை வந்தபோது, இப்போது செல்போன் கடையாகிவிட்ட அத்தாவின் வாழைக்காய் மண்டி நினைவுக்கு வந்தது. மலையிலிருந்து இறங்கிய ஈரத் தார்களைப் பழுக்கவைக்கும் அறையில் அடுக்கி, புகைமூட்டம் போடுமுன் அத்தா ஒவ்வொரு தாரிலும் காதை வைப்பார். சீப்புகளுக்கிடையில் விரல்நகம் அளவு மலைத்தவளைகள் டிக்டிக்கென்று கத்தும்.

"செத்த நேரம் பொறும்மா, உள்ள உசுரு கெடக்கு" என்பார், தீப்பெட்டியோடு நிற்கும் சிறுமியான என்னிடம்.

பிடித்தவற்றை ஈரச்சாக்கில் போட்டு, காய் ஏற்றப் போகும் ஜீப்பிலேயே மலைக்கு அனுப்பிவிடுவார். அந்தக் காட்டைவிட்டால் வேறு போக்கிடமில்லாத அந்தத் தவளை இன்று அழியும் இனங்களில் ஒன்றாம். போன மழையில் மலையேறிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

சத்தம் இல்லையென்றால் தீக்குச்சியை உரசலாம் என்பதுதான் எங்கள் மண்டி வழக்கம்.