நிசாரின் பதிவை நீக்கியவன்

எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டம் நிலவறையில் நடக்கும். ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் அதைவிட விசித்திரமாக எனக்கு எதுவும் படவில்லை. பல்கனிக்கு என்ன நிறம் பூசுவது என்பதுதான் விவகாரம். நாற்பது பேர் சாம்பல் என்றார்கள். மூன்றாம் மாடிக் கிழவர் மட்டும் எழுந்து, நிர்வாகக்குழு பொய் சொல்கிறது என்று அரைமணி நேரம் பேசினார். ஒருவரும் அவரைப் பிடித்து இருத்தவில்லை. முடித்ததும் செயலாளர் தான் குறித்ததை அவருக்கே வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். பிறகு எல்லோரும் அவரோடு சேர்ந்து கோப்பி குடித்தார்கள். நம் ஆட்கள் மத்தியில் இப்படிப் பேசியிருந்தால் மனிதர் அடுத்த நாள் பாண் வாங்கக்கூட வெளியே வந்திருக்க முடியாது.

கூட்டம் முடிந்து மாடிக்குப் போய் நான் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊரில் அது சமாதான காலம், போரை நிறுத்தி வன்னிக்குப் பாதை திறந்திருந்தார்கள். உலகமெல்லாம் சிதறிக் கிடந்த நாங்கள் அரசியல் பேசுவதற்கென்று இணையத்தில் வைத்திருந்த கருத்துக்களம் ஒன்றுக்கு நான் மட்டுறுத்துநர். பதிவைத் தூக்குவது, எழுதியவருக்கு எச்சரிக்கை அனுப்புவது, கேட்காவிட்டால் உள்ளே வரவிடாமல் தடுப்பது என் உத்தியோகம். கீழ்வீட்டு இங்ரிட்டுக்கு என் அரைகுறை நொர்வேஜிய மொழியில் இதை விளக்கினேன். கூட்டங்களில் முறைவைத்துப் பேச இடம் கொடுப்பவரை இவர்கள் ஓர்ட்ஸ்டீரர் என்பார்கள். நானும் அப்படியொருவன் என்று அவர் விளங்கிக்கொண்டார்.

"அப்படியென்றால், கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பவர்களையும் பேசவைப்பது நீங்கள்தானா?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

களத்தின் முதல் விதி, பண்பாக எழுத வேண்டும் என்பது. தாய் தகப்பனை இழுத்துத் திட்டினால் கெட்ட சொல்லுக்கு மட்டும் நட்சத்திரக்குறி போட்டுவிட்டு மிச்சத்தை விட்டுவிடுவேன். 'துரோகி' எங்கள் கெட்ட சொற்களின் பட்டியலில் இல்லை. வன்னியில் இயக்கம் படைக்கு வீடு வீடாய்ப் பிள்ளைகளைக் கேட்கிறது என்று யாராவது மரியாதையாக எழுதினால், அது முழுதாகப் போய்விடும். ஒற்றுமையைக் குலைக்கிறது என்று காரணம் எழுதுவோம். அந்த நாட்களில் அந்தக் காரணத்தை நான் மனதார நம்பினேன்.

அந்தக் களத்துக்குத்தான் நிசார் வந்தார். வவுனியாப் பக்கம் நெளுக்குளத்தில் புடைவை வியாபாரம். தொண்ணூறில் இயக்கம் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது தண்ணீரூற்றிலிருந்து உடுத்த துணியோடு போன குடும்பம். அவர் எழுதியது இன்னும் எனக்கு மனப்பாடம்: "மதிப்புக்குரிய கள உறவுகளுக்கு வணக்கம். பாதை திறந்திருப்பதால் எங்கள் வீட்டை ஒருமுறை பார்த்துவர விரும்புகிறேன். இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர்களை எழுப்புவதற்காக அல்ல. சொல்லாமல் போய் நின்றால் பயந்துவிடுவார்கள், அதனால்தான் கேட்கிறேன்." பள்ளிவாசலுக்குப் பின் ஒழுங்கை, மூன்றாவது வீடு, நீல இரும்புப் படலை என்று அடையாளமும் கொடுத்திருந்தார்.

அந்த நீலப் படலைக்குள் நான் ஏழு வருடம் வாழ்ந்தவன். எண்பத்துநாலில் இராணுவம் எங்களைக் கொக்கிளாயிலிருந்து துரத்தியது. பள்ளிக்கூடம், கொட்டில் என்று ஆறு வருடம் அலைந்த பிறகு, வெறுமையாய்க் கிடந்த அந்த வீட்டை எங்களுக்குத் தந்தார்கள். யாருடையது என்று அப்பா கேட்கவில்லை. அலுமாரிக்குள் அந்த வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கொப்பிகள் இருந்தன. எழுதாமல் மிஞ்சிய தாள்களில் நான் பாடம் எழுதிப் படித்தேன். நிசார் கேட்ட நேரம் அங்கே இருந்தது புருஷனை இழந்த என் அக்காவும் இரண்டு பிள்ளைகளும். அவர்களுக்கு வேறு கூரை இல்லை.

பதிவைத் தூக்கினேன். தனிப்பட்ட விபரம், ஒற்றுமைக்கு ஊறு என்று காரணமும் எழுதினேன். அதே களத்தில் கொக்கிளாயைப் பறிகொடுத்த கதையை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன். ஒருவரும் அதில் ஓர் எழுத்தைத் தொட்டதில்லை.

நிசாரிடமிருந்து தனிமடல் வந்தது. "விதி தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். சுட்டிக்காட்டியதற்கு நன்றி." எனக்கு வெட்கமாயிருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் அவருடைய பதிவு திரும்ப வந்துவிடும். நான் அமுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா கிளிநொச்சிக்குப் பஸ் ஏறிப்போய் கோல் எடுத்தா.

"தம்பி, ஒரு முஸ்லிம் ஆள் சைக்கிளோட படலையில வந்து நிண்டவர். ஒரு கதையுமில்லை, வீட்டையே பாத்துக்கொண்டு நிண்டார். எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டன். அவர் ஓடிப்போய் இயக்கத்திட்டச் சொல்லிக் குடுத்திட்டார். வந்து ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள்."

"பிறகு?"

"நாலு நாள் வைச்சு விசாரிச்சிட்டு ஓமந்தை எல்லைக்கு அங்கால விட்டவங்களாம். ஏறேக்க என்னைப் பாத்து, 'பயப்பிடாதேங்கோ தங்கச்சி, சும்மா பாக்கத்தான் வந்தனான்' எண்டு சொன்னவர். அது அவரின்ர வீடாம், பிறகுதான் கேள்விப்பட்டன். ஆரும் முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, உள்ளுக்கு இருத்தித் தேத்தண்ணி குடுத்திருப்பனே."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், விடுங்கோ அக்கா," என்றேன்.

நிசார் களத்துக்கு மறுபடி வரவில்லை. சில மாதங்களில் நானும் வேலைப்பளு என்று சொல்லி விலகினேன். கள உறவுகள் என்னைப் பண்பாளர் என்று பாராட்டி இரண்டு பக்கத்துக்குப் பிரியாவிடை எழுதினார்கள். அந்தக் களத்தில் ஒருவரும் சண்டை பிடிக்காத உரையாடல் திரி அது ஒன்றுதான்.

இந்த வருடம் போர் முடிந்தது. அக்காவும் பிள்ளைகளும் வவுனியாவில் அகதி முகாமின் முள்கம்பிக்குள் இருக்கிறார்கள். அந்த வீடு நிற்கிறதா என்று சொல்ல ஆளில்லை. போன கிழமை என் குடியுரிமை விண்ணப்பத்துக்காக அழைத்திருந்தார்கள். சொந்த நாட்டில் கடைசியாக இருந்த முகவரி என்ன என்று கேட்டார் ஓர் இளம் பெண் அதிகாரி. எட்டு வயதில் விட்ட கொக்கிளாயில் எனக்கு முகவரி கிடையாது. தண்ணீரூற்று, பள்ளிவாசல் ஒழுங்கை என்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

"உங்கள் சொந்த வீடா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது. அவருக்கு விளங்கவில்லை. அந்தப் பொய்யை அவருடைய மொழியிலும் ஒருமுறை சொன்னேன்.