வேலை முடியாத சைக்கிள்

அம்மாவின் சைக்கிளுக்கு நடுக்கம்பி கிடையாது. ஆண்கள் சைக்கிளில் சீட்டிலிருந்து ஹேண்டில்பாருக்கு நேராக ஓடும் அந்தக் கம்பி, லேடீஸ் சைக்கிளில் தாழ வளைந்து பெடலுக்குப் பக்கத்தில் வந்து சேரும். சேலை கட்டியவள் காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து நாமக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பித்தளை அண்டாவும் பீரோவும் ஏறிவந்த அதே லாரியில் அந்தப் பச்சைச் சைக்கிளும் வந்தது. எங்கள் காட்டுப் பக்கம் அன்றைக்குச் சைக்கிள் மிதித்த பொம்பளை அம்மா ஒருத்திதான். பால் சொசைட்டிக்கு அதில்தான் போவாள். சந்தைக்குப் போகும்போது என்னைப் பின்னால் கேரியரில் உட்கார வைத்து, "காலை அகட்டி வெச்சுக்கோ கண்ணு, சக்கரத்துல உட்டுப்போடாத" என்பாள். மேடு வந்தால் இறங்கித் தள்ளமாட்டாள், எழுந்து நின்று மிதிப்பாள். வியர்வையில் ஜாக்கெட் ஒட்டிய அந்த முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன்.

அப்பா போன பிறகு அண்ணன் கோழிப்பண்ணை போட்டான். ஒரு கொட்டகை பலவாகி, வாசலில் காரும் வந்து நின்றதும் சைக்கிளைத் தீவனக் குடோனில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டார்கள். முதலாளி அம்மா சைக்கிளில் போனால் ஊர் சிரிக்குமாம். அம்மாவும் பண்ணை கேட்டுக்கு உள்ளேயே அடங்கிப்போனாள். கோழிக்குச் சீக்கு வந்துவிடும் என்று பண்ணைக்குள் வெளியாட்களை விடுவதில்லை. வருகிற வண்டி கேட்டை ஒட்டிய மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் சக்கரம் நனைய இறங்கி ஏறித்தான் உள்ளே போகவேண்டும். இந்தக் கெடுபிடிக்குப் பயந்து ஒறம்பரை, சொந்தபந்தம் வருவதுகூட நின்றுபோயிற்று. கூண்டுக்குள் கோழி, கேட்டுக்குள் அம்மா. அப்போது எனக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. நான் என் கல்யாணக் கவலையில் இருந்தேன்.

நான் கட்டிக்கொண்டவர் வேறு சாதி. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட கல்யாணங்கள் எங்கே போய் முடியும் என்று பேப்பர் படிக்கிற யாருக்கும் தெரியும். ஆகவே சொல்லாமல்தான் போனோம், ஓசூரில் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் வருஷக்கணக்கில் பதுங்கிக் கிடந்தோம். கதவு தட்டும் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுவேன். அண்ணன் பங்காளிகளைக் கூட்டி என்னைத் தலைமுழுகிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அதற்குக்கூட நான் அழவில்லை. அம்மாவும் சேர்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாளா என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் தவித்தேன். யாரும் சொல்லவில்லை, அவளிடமிருந்து ஒரு போனும் இல்லை. மகள் பிறந்தபோதும் இல்லை. வேலை இங்கேதான் கிடைக்கிறது என்று நாமக்கல்லுக்கே திரும்பி வந்து, நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கத் தொடங்கிய பிறகும் இல்லை. பெற்றவளுக்கு மனசு கல்லாகுமா, ஆகுமென்றால் அது எந்த ஊர்க் கல் என்று நான் என் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுவேன்.

போன வருஷம் ஒருநாள் சாயங்காலம் அவர் வந்து, கையில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, "உங்கம்மா பட்டறைக்கு வந்தாங்க" என்றார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். அண்ணன் வாங்கிய புது முட்டை லாரிக்குப் பக்கத்துப் பட்டறையில் பாடி கட்டி, பூசை போட வந்திருக்கிறார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கும்போது அம்மா மட்டும் திரும்பி இந்தப் பக்கம் பார்த்திருக்கிறாள். வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்த இவரை அடையாளம் கண்டுகொண்டு, காரில் ஏறிப் போய்விட்டாள். நான் புத்தகத்தில் ஒளித்து வைத்திருந்த போட்டோவை எப்போதோ பார்த்திருப்பாள் போல. அடுத்த வாரம், சர்க்கரை வியாதிக்குச் சைக்கிள் மிதிப்பது நல்லதென்று டாக்டர் சொன்னதாக அண்ணனிடம் ஒரு கதை விட்டு, குடோனில் கிடந்ததை முட்டை டெம்போவில் ஏற்றிக்கொண்டு தனியாக வந்து இறங்கிவிட்டாள். டெம்போ டிரைவர் அண்ணனின் ஆள். அவன் காது கேட்கப் பேச்செல்லாம் சைக்கிளைப் பற்றியே இருந்தது.

"இது லாரிப் பட்டறைங்கம்மா. சைக்கிள் கடை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்குதுங்க."

"தெரியுமுங்க மேஸ்திரி. கம்பி இத்துப்போச்சு, ஒட்டு வெக்கோணும். நல்ல கையா இருந்தாத்தான் நிக்கும்."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. அம்மா என்று இவர் கூப்பிட்டது பட்டறைக்கு வருகிற எந்தப் பொம்பளையையும் கூப்பிடுவதுதான், மேஸ்திரி என்று அவள் கூப்பிட்டதும் அப்படித்தான். எப்போது முடியும் என்று கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் வாங்க என்றிருக்கிறார். எனக்கு வந்ததே கோபம். "இத்தனை வருஷமா எட்டிப் பாக்காதவங்களுக்கு இப்ப சைக்கிள் ஒரு கேடா?" என்று கத்தினேன். அன்றைக்குச் சப்பாத்தி எல்லாம் கருகிப்போயிற்று.

சைக்கிள் படுமோசமாக இருந்தது. தீவனத்தில் கலக்கும் கருவாட்டுத் தூளின் உப்பு இரும்பைத் தின்றிருந்தது. வளைந்த கம்பி அடியில் ஓட்டை, மட்கார்டு தொட்டால் உதிர்ந்தது. எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, உப்புத்தாள் கொண்டு தேய்த்துத் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்வரை கொண்டுவந்தார். லாரிச் சட்டத்தில் வெல்டிங் வைத்துப் பழகிய கைக்குச் சைக்கிள் கம்பி ரொம்ப மெல்லிசு, சூடு கொஞ்சம் கூடினால் பொத்துக்கொள்ளும். பழைய குழாய்த் துண்டுகளில் வைத்துப் பழகிவிட்டு, பித்தளை உருக்கி ஒட்டினார். பட்டறை வேலை முடிந்த பிறகு மிச்ச நேரத்தில் இந்த வேலை. ஒட்டு வைத்த இடம் விரலுக்குத் தட்டுப்படவில்லை என்று அம்மா தடவிப் பார்த்துச் சொன்னாளாம். அதை என்னிடம் சொல்லும்போது இவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் வரத் தொடங்கினாள். டவுன் பஸ்ஸில் வருவாள், ஏதாவது ஒரு குறை சொல்லுவாள். சீட்டு உயரம். பழைய பெல்தான் வேண்டும், புதுசு காதைக் குடைகிறது. பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் வலை போடவேண்டும், கயிற்று வலை வேண்டாம், கம்பி வலை. பச்சைப் பெயின்ட் அடித்து வைத்தால், மெரூன் நன்றாக இருக்கும் என்பாள். மெரூன் அடித்தால் செயின் கவர் மட்டும் பச்சையாகவே இருக்கட்டும் என்பாள். லாரிக்குப் படம் போடும் பெயின்டர், பெரியம்மா சந்தோஷப்படட்டும் என்று செயின் கவரில் ஒரு தாமரை வரைந்துவிட்டார். அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா அழிச்சுப்போட்டு மறுக்கா அடிங்க" என்றாளாம். பெயின்டர் பாவம், முகம் சுண்டிப் போய்விட்டாராம்.

"இந்நேரம் ஒரு முழு லாரியே ரோட்டுக்குப் போயிருக்கும். ஒரு ஓட்டைச் சைக்கிளை முடிக்கத் தெரியலையா?" என்று நான் இவரைக் கிண்டல் செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "முடிச்சுப்புட்டா, அப்புறம் என்ன சொல்லிக்கிட்டு வருவாங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டு வாசலுக்கு வர அவளுக்குத் தைரியம் கிடையாது. வந்தால் அண்ணன் பின்னாலேயே எங்கள் வீட்டைக் கண்டுபிடித்து வருவான் என்ற பயம். சைக்கிள் வேலை ஓடுகிறவரைக்கும் அவள் வரலாம். புரிந்த பிறகு கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. இன்னும் கூடியது. அவள் பட்டறைக்கு வருகிறாளே, நான் போய் நின்றால் என்ன? போகவில்லை. அவள்தான் முதலில் என் பெயரைச் சொல்லட்டும் என்று வீம்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே வார்ப்பு, என்ன செய்வது.

பள்ளி விடுமுறையில் மகள் அப்பாவோடு பட்டறைக்குப் போகத் தொடங்கினாள். முதல் நாள் வந்து, "ஒரு முட்டை ஆயா எனக்கு முட்டை உரிச்சுக் குடுத்தாங்க" என்றாள். அம்மா மஞ்சள் பையில் வேகவைத்த முட்டையும் காகிதத்தில் மடித்த உப்பு மிளகும் எடுத்து வந்திருக்கிறாள். முன்னேற்பாடாக எப்படி எடுத்து வந்தாள்? சனிக்கிழமைதோறும் எடுத்து வந்து, குழந்தை இல்லாததைப் பார்த்துவிட்டுத் திருப்பி எடுத்துப் போயிருப்பாளோ? "யாரு புள்ளைங்க மேஸ்திரி?" என்று கேட்டாளாம். "எம்புள்ளைங்கம்மா" என்றாராம். "ம்" என்றாளாம். அவ்வளவுதான். அம்மாவைப் பெற்ற பாட்டி முறைக்கு அம்மிச்சி என்று கூப்பிடச் சொல்லக்கூட இல்லை. பெற்ற மகளுக்கு ஒரு வார்த்தை கிடையாது, பேத்திக்கு முட்டையா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அடுத்த சனிக்கிழமை குழந்தையை அனுப்பவில்லை.

அன்றைக்கு அம்மா புதிதாக ஒன்று கேட்டிருக்கிறாள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே நடுக்கம்பி இல்லாமல் காலியாக இருக்கிறதே, அந்த இடத்தில் ஒரு சின்ன சீட்டு வைத்து, கால் வைக்க இரண்டு பக்கமும் தகடு ஒட்டித் தரவேண்டும். "யாருக்குங்கம்மா?" என்று இவர் வேண்டுமென்றே கேட்டிருக்கிறார். அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் தோளுக்கு மேல் வளர்ந்து ஹாஸ்டலில் படிக்கிறார்கள். அம்மா பெல்லை ஒருதரம் அடித்துப் பார்த்துவிட்டு, "அளவுக்குப் புள்ள வேணுமில்லீங்க? அடுத்த வாரம் கூட்டியாங்க" என்று சொல்லிப் போயிருக்கிறாள்.

இதைக் கேட்ட ராத்திரி நான் நன்றாக அழுதேன். அடுத்த வாரம் மகளுக்குத் தலைவாரிப் பூ வைத்து அனுப்பினேன். அம்மா அவளைத் தூக்கி உட்கார வைத்து, காலைப் பிடித்துத் தகட்டின் உயரத்தைச் சொல்ல, இவர் சாக்பீஸால் குறித்துக்கொண்டாராம். சீட்டுக்கு மேலே ரெக்சின், உள்ளே பஞ்சு, குழந்தை பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஒரு கம்பி. அதற்கடுத்த சனிக்கிழமை நானே போவது என்று முடிவு செய்தேன். சேலைகூட எடுத்து வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில், நான் கிளம்பும் முன்பே, அண்ணன் பட்டறைக்கு வந்துவிட்டான். ஒரு சைக்கிளுக்கு இத்தனை மாசமா, கையோடு வாங்கி வந்துவிடலாம் என்று அம்மாவின் பின்னாலேயே காரில் வந்திருக்கிறான். அவன் பார்த்தபோது அம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்தச் சின்ன சீட்டில் என் மகள் முட்டை தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு என் ஜாடை அப்படியே இருக்கும். அண்ணன் குழந்தையைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். பட்டறை ஆட்கள் நாலைந்து பேர் கையில் இருந்ததைக் கீழே வைக்காமல் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். அண்ணன் சத்தம் போடவில்லை. "ஏறும்மா" என்றான். அம்மா காரில் ஏறும்போது, "வேலை முடிஞ்சாச் சொல்லி உடுங்க மேஸ்திரி" என்றாள். அதன் பிறகு அவள் வரவில்லை.

மழைக்காலம் முழுக்க நாங்கள் பயத்தோடு இருந்தோம். மகளைப் பள்ளிக்கு நானே கூட்டிப் போய் நானே கூட்டி வந்தேன். தெருவில் அறிமுகமில்லாத பைக் நின்றால் ஜன்னலைச் சாத்தினேன். யாரும் வரவில்லை. அது நிம்மதியாகவும் இல்லை. இவர் சைக்கிளை மெல்ல மெல்ல முடித்தார். மெரூன் உடம்பு, பச்சைச் செயின் கவர், பழைய பெல், கம்பி வலை, பளபளவென்று ரிம். மிதித்தால் சத்தமே வராது. துணி போர்த்தி வீட்டுக்குள் நிறுத்தினார். வருகிற தைப் பொங்கலுக்குள் அம்மா வருவாள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பொங்கலும் வந்து போயிற்று.

போன மாதம் ஒருநாள் காலையில் துணியை எடுத்துவிட்டு, "நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்" என்றேன். இவர் வேண்டாம் என்றார். பிறகு, பண்ணைக்குத் திரும்பும் முக்கில் வண்டியோடு நிற்பேன், போனைக் கையிலேயே வைத்துக்கொள் என்றார். மகளைச் சின்ன சீட்டில் உட்கார வைத்து மிதித்தேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன் என்பதுதான் உண்மை. குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறாயே, பைத்தியமா என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். கோழி நாற்றம் முகத்தில் அடித்ததும் பெடலை இன்னும் அழுத்தி மிதித்தேன். நான் விட்டுவிட்டு ஓடிய இடத்தின் நாற்றம்.

கேட்டில் புது வாட்ச்மேன். என்னை அவருக்குத் தெரியவில்லை. "உள்ள யாரையும் உடக்கூடாதுங்க" என்றார். "உடவேண்டாமுங்க. சைக்கிள் வேலை முடிஞ்சிருச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க" என்றேன். ஆபீஸ் முன்னால் அண்ணனின் கார் நின்றது. உள்ளே அவன் பேசும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மா வந்தாள். மெலிந்து, தோள் குனிந்து, ஆனால் அதே நடை. மருந்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். ஆபீஸில் பேச்சு நின்றது. அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தையும் சேர்த்துப் பார்ப்பவள் மாதிரி பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். ஹேண்டில்பாரில் முட்டிக்கொண்டிருந்த குழந்தையின் முழங்காலைப் பார்த்தாள். வாட்ச்மேன் பக்கம் திரும்பினாள்.

"வேலை எங்கப்பா முடிஞ்சுது? புள்ளைக்குக் கால் நீண்டு போச்சு, முட்டி இடிக்குது பாரு. சீட்டைப் பின்னால தள்ளி வெக்கோணும். எடுத்துட்டுப் போயி, சரி பண்ணிக் கொண்டாந்து காட்டச் சொல்லு."

வாட்ச்மேன் என்னிடம் திரும்பி, வேலை முடியலையாமுங்க என்றார். எப்போது கொண்டுவரட்டும் என்று கேட்கச் சொன்னேன்.

"சனிக்கிழமை," என்றாள் அம்மா, ஆபீஸுக்குள்ளும் கேட்கிற சத்தத்தில். "சரியாகற வரைக்கும் வாரா வாரம் கொண்டாரச் சொல்லு. புள்ள ஏறி உக்காந்து பாத்தாத்தான் அளவு தெரியும்."