அஞ்சலை அக்கா ‘நலம்’

திண்டிவனம் பக்கத்து அஞ்சலை அக்காவுக்கு, இதய வால்வு ஆபரேஷன் ஆனதிலிருந்து வலது கையில் பிடி இல்லை; எங்கள் ஆஸ்பத்திரியோ அவர் கோப்பில் ‘நலம்’ என்று எழுதி வைத்திருந்தது.

இதயத்தை நிறுத்தி ஆபரேஷன் செய்யும்போது, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு மெஷின் பார்த்துக்கொள்ளும். அதை ஓட்டுவதுதான் எங்கள் தொழில், பெயர் பெர்ஃப்யூஷன். அதைப் படித்துக்கொண்டே, ஆபரேஷன் ஆனவர்கள் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சியும் செய்கிறேன். ஆஸ்பத்திரிப் படிவங்களிடம் நீங்களும் அடிபட்டவர் என்றால் வாருங்கள், சேர்ந்தே புலம்புவோம்.

நானும் டிரைவர்

விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ. பக்கத்து சீட் அம்மா, “டாக்டரா, நர்ஸா?” என்றார். இரண்டும் இல்லை என்றதும் அவருக்கு என் மேலிருந்த மரியாதை இறங்கிவிட்டது. விடுவேனா? மெஷின், குழாய், ரத்தம் என்று பஸ் ஸ்டாண்டு வரை விளக்கினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப நீயும் டிரைவருதான்னு சொல்லும்மா. என் வண்டி நின்னாலாவது ஜனங்க எறங்கி நடந்துடும்.”

ஏழாவது வரி

மெஷினைத் தொடங்குமுன் ஒருவர் பட்டியலை உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து “இருக்கு” என்று சொல்ல வேண்டும். எங்கள் சீனியர் அண்ணனின் முறையே வேறு. ஆபரேஷன் முடிந்து, டீ குடித்துக்கொண்டே, எல்லா டிக்கும் ஒரே மூச்சில்.

ஒரு நாள் பிடிவாதமாக உரக்கப் படித்தேன். ஏழாவது வரி, குழாயில் காற்றுக்குமிழி வந்தால் கத்தும் அலாரம். அணைந்து கிடந்தது. குமிழி மூளைக்குப் போனால் கை போகலாம், பேச்சு போகலாம், ஆளே போகலாம். அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை.

“நேத்து சும்மா சும்மா கத்திக்கினே இருந்துச்சி. பேஜாரா இருக்குதேன்னு நாந்தான் அமுக்கி வெச்சேன்.”

மரியாதை

விழுப்புரத்தில் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது “நல்லா இருக்கேன்” என்றாராம், கோப்பில் நலம். நேரில் போனால், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே தூங்குகிறார். உடனே கிளப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஏன் சார் சொல்லவில்லை என்று சண்டையும் போட்டேன். அவருக்கு என் மேல்தான் வருத்தம்.

“அவ்ளோ பெரிய டாக்டரு, என்னைய ஞாபகம் வெச்சி கேக்கறாரு. நல்லா இல்லன்னு சொன்னா மரியாதையா இருக்குமாம்மா?”

மல்லாட்டைக் கொல்லை

அஞ்சலை அக்காவுக்குப் போன போனை மகள் எடுத்து, “அம்மா கொல்லைக்குப் போயிருக்காங்க” என்றாளாம். வயல் வேலைக்குப் போகிறவர் நலமாகத்தானே இருப்பார்? எழுதியாயிற்று. அவருடைய ஆபரேஷன் அன்றைய மெஷின் பட்டியலையும் தேடி எடுத்தேன். எல்லா டிக்கும் ஒரே சாய்வு, ஓரத்தில் டீக்கறை. கை போனதற்குக் காரணம் மெஷினா, வேறு ஏதாவதா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தானே ஆராய்ச்சி?

நேரில் போனேன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடியைப் பிடித்தால் நழுவுகிறது. கூட வேலை செய்கிறவர்கள்தான் அவர் பங்கையும் பிடுங்கித் தருகிறார்கள். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

“நலமா? அந்தக் கையை எங்க வெச்சிருக்காங்கன்னு கேட்டு வாங்கிக்கினு வா பாப்பா.”

ஸ்பீக்கர் போன்

மீட்டிங்கில் கேட்டேன். அந்த ‘நலம்’ கோப்பிலிருந்து அடிக்கப்பட வேண்டும், அக்காவைப் பரிசோதனைக்குக் கூப்பிட வேண்டும். “ஒரு பேஷண்டால நம்ம ரிசல்ட்டே கெடணுமா?” என்றார் எங்கள் துறைத் தலைவர். “அது கெட்டு ஆறு மாசம் ஆச்சி சார், எழுதறதுதான் பாக்கி” என்றேன். அரை மணி நேரம் வாதாடினேன். கடைசியில், என் வாயை அடைக்க அவரே அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, “எப்படிம்மா இருக்கீங்க? நலம்தானே?” என்றார்.

‘நலம்’ அடிக்கப்பட்டு, அக்காவுக்கு மறுநாளே பரிசோதனை என்று முடிவானதற்கு என் அரை மணி நேர வாதமோ, நான் புரட்டிய ஆராய்ச்சிக் கட்டுரைகளோ காரணம் இல்லை, அக்கா சொன்ன இந்த ஒரே பதில்தான்:

“அதான் என்னைக் கேக்காமலே எழுதிக்கினீங்களாமே சார், இப்ப மட்டும் எதுக்குக் கேக்குறீங்க?”