திருமூர்த்தி மலைக்குச் சுற்று வழி

என் மகன் மே மாத லீவுக்கு ஊட்டி போகத் திட்டம் போடுகிறான். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகாதாம். அதனால் குன்னூரில் இருக்கும் அவன் மனைவியின் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு, தினமும் பஸ்ஸில் ஊட்டி போய் வருவார்களாம். "தங்கறதும் சோறும் சும்மா தானுங்கம்மா" என்கிறான், உலகத்தில் யாருக்கும் தோன்றாதது அவனுக்குத் தோன்றிவிட்ட மாதிரி. பேசாமல் லாட்ஜிலேயே ரூம் போடு சாமி என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. சும்மா தங்கும் பயணம் எப்படிப் போய் முடியும் என்று எனக்குத் தெரியும். எட்டு வயதிலேயே பட்டவள் நான்.

அப்போது எங்களுக்குச் சூலூர் பக்கம். அப்பாவை நாங்கள் ஐயன் என்றுதான் சொல்லுவோம். அந்த ஆடியில் ஐயன் எங்களைத் திருமூர்த்தி மலைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். சாமியும் கும்பிடலாம், அருவியிலும் குளிக்கலாம். நான் அதுவரை அருவி பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, பழனிக்குப் போய் வந்த பெருமையை ஒரு வருசமாக என்னிடம் அளந்துகொண்டிருந்தாள். அவளிடம், அருவிக்கு அடியிலிருந்தே ஒரு கல் எடுத்துவந்து காட்டுகிறேன் பார் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான். அந்த வீறாப்பு எனக்கு இன்றைக்கும் உண்டு.

வண்டி எங்களுடையது. மாடுகளில் ஒன்று எங்களுடையது, மற்றது பெரியப்பாவுடையது. எட்டாம் நாள் மாடு உழவுக்கு வந்தாக வேண்டும் என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நேராகப் போனால் இரண்டே நாளில் மலையடிவாரம். ஆனால் வழியில் காசு கொடுத்துச் சோறு வாங்குவது ஐயனுக்கு ஆகவே ஆகாது. கிணத்துக்கடவில் அவருடைய அக்கா வீடு. அங்கே ஒரு ராத்திரி. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா வீடு. அங்கே ஒரு ராத்திரி. "வழியெல்லாம் நம்ம சனம் இருக்கறப்ப காசை எதுக்குக் கரியாக்கறது?" என்றார்.

அது வழியே இல்லை, சுற்று. அதை அம்மா சொல்லவில்லை. ஐயன் வாயைத் திறந்தால் ஒரு குற்றமாவது கண்டுபிடிக்கிறவள், அன்றைக்கு "சரிங்க" என்று முறுக்குச் சுடப் போய்விட்டாள்.

மலைக்குப் போகிறவர்கள் கவிச்சி தொடுவதில்லை. இது அத்தைக்கும் தெரியும், மாமனுக்கும் தெரியும். தெரிந்து என்ன? கிணத்துக்கடவில் நாங்கள் கால் கழுவி உள்ளே நுழைவதற்குள் மாமன் சேவலைப் பிடித்துவிட்டார்.

"அக்கா, மலைக்குப் போறமுங்க" என்றார் ஐயன் மெதுவாக.

"மலை எங்கடா போயிருது? கூடப் பொறந்தவன் என்ற ஊட்ல வெறும் ரசத்த ஊத்தித் தின்னுட்டுப் போனான்னா நாளைக்கு நா ஊருக்குள்ள தலகாட்ட வேண்டாமா?"

ஐயன் இலையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு, இரண்டு நாள் விட்டுத் தலை முழுகித்தான் கிளம்ப வேண்டும் என்று அவரே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த இரண்டு நாளும் அத்தை கோழிக்கூட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மாவும் கூடவே போய், "வேண்டாமுங்க அண்ணி" என்று மறித்தாள். இன்னொரு சேவல் விழுந்தால் இன்னும் இரண்டு நாள் போய்விடுமே! அம்மாவுக்கும் என்னைப்போலவே அருவி ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் பொழுது சாயச் சின்னம்மா வீடு சேர்ந்தோம். வண்டி நிற்பதற்குள் அம்மா குதித்துவிட்டாள். தங்கைக்குக் கல்யாணமாகி நாலு வருசம், அன்றைக்குத்தான் மறுபடி பார்க்கிறாள். தாய் தகப்பன் போனபின் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சொந்தம் என்று இருந்தது அந்த ஒருத்திதான். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். எங்களுக்குச் சோறு போட்டது சித்தப்பா.

எட்டாம் நாளுக்குள் ஊர் திரும்ப வேண்டுமென்றால், மலைக்கு மீதி இருந்தது ஒரே நாள். விடியுமுன் எழுந்து, சீட்டிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அம்மா வரவில்லை. குதித்ததில் கால் பிசகிவிட்டதாம். இடது கணுக்காலில் புளியிலை வைத்துக் கட்டு.

"ஏனுங்க மாமா, இந்தக் கால வச்சுட்டு அக்கா எப்படிங்க மலை ஏறும்?" என்று சின்னம்மா ஐயனிடம் கேட்டாள்.

"நாம ரெண்டு பேரு போலாமுங்க ஐயா" என்று கெஞ்சினேன்.

"போனா எல்லாருமாப் போகோணும் அம்மணி. உங்கம்மாள உட்டுப்போட்டுப் போனா சாமிக்கு ஆகாது" என்று மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டார்.

மத்தியானம் கிணற்றடிப் பக்கம் போனேன். அம்மாவும் சின்னம்மாவும் ஆளுக்கொரு குடம் இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்தார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. என்னைக் கண்டதும் நொண்டினாள். சாயங்காலம் பார்த்தால் கட்டு வலது காலில் இருக்கிறது!

வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்த ஐயனிடம் ஓடினேன். "ஐயா, காலைல இடது காலுங்க, இப்ப வலது காலுங்க! நா ரெண்டு கண்ணாலயும் பாத்தனுங்க!"

"சத்தம் போடாத கண்ணு" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்று உள்ளே குரல் கொடுத்தார். "ஏம்புள்ள, புளியெல போதுமா? இன்னுங் கொஞ்சம் பறிச்சுட்டு வரட்டுமா?"

உள்ளே பேச்சு நின்றது. "கொஞ்சம் கொண்டாங்க" என்றாள் அம்மா.

ஐயன் போய்ப் புளியமரத்துக் கிளையை வளைத்து, கொழுந்தாகப் பார்த்துத் துண்டு நிறையப் பறித்தார். கட்டு கால் மாறியதை இந்த மனிதருக்கு நான் இன்னும் எத்தனை தடவைதான் சொல்வது? மறுநாள் விடியற்காலை வண்டி கிளம்பும்போது, சின்னம்மா வீட்டு வாய்க்காலில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டேன். இவ்வளவு லேசாக ஏமாறுகிற மனிதரை நம்பி வண்டி ஏறினோமே என்று, சூலூர் வரும்வரை நான் ஐயனோடு பேசவே இல்லை.